சுடர் என்று ஒரு பெயர்

விளக்கை ஏற்றுவதற்கு நம்மிடம் ஊருக்கு ஒரு சொல் உண்டு. ஏற்று என்பார்கள், பொருத்து என்பார்கள், கொளுத்து என்பார்கள், பற்ற வை என்பார்கள். 'விளக்கு வைக்கிற நேரம்' என்றால் கடிகாரம் பார்க்காமலே மணி தெரிந்துவிடும். ஆனால் ஏற்றிய விளக்கை நிறுத்தும்போது மட்டும் பல வீடுகளில் 'அணை' என்ற சொல் நாக்குக்கு வராது. 'விளக்கைக் குளிர வை' என்பார்கள். சில வீடுகளில் 'அமர்த்து', சில வீடுகளில் 'மலையேத்திடு'. வாயால் ஊதவும் மாட்டார்கள். ஒரு பூவின் காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அதே வீட்டில் டியூப்லைட்டை 'அணைச்சிடு' என்று தாராளமாகச் சொல்வார்கள். ஃபேனை 'நிப்பாட்டு' என்பார்கள். குத்துவிளக்குக்கு மட்டும்தான் இந்தத் தனி மரியாதை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இதில் மங்கலம் என்பது, மனத்துக்கு ஒவ்வாத ஒன்றை நல்ல சொல்லால் சொல்வது. இறந்தார் என்பதை இயற்கை எய்தினார் என்கிறோம். சுடுகாட்டை நன்காடு என்றார்கள் பழைய தமிழர்கள். விளக்கைக் குளிர வைப்பதும் இந்த வகைதான். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத பாட்டிகளும் இந்த விதியைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

இத்தனை கவனமாகப் பாதுகாக்கப்படும் அந்தத் திரி நுனியில் நிற்கிறதே ஒரு பொன்னிற முத்து, அதற்குப் பெயர்தான் சுடர்.

வெளிச்சம் வேறு, சுடர் வேறு

ஒளியைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒளி, வெளிச்சம், கதிர், சோதி, தீபம், பிரகாசம் என்று அடுக்கலாம். அகராதியில் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருளாகவே இருக்கும். பேசிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

அறைக்குள் இருப்பது வெளிச்சம். 'கொஞ்சம் வெளிச்சமா இருக்கிற இடத்துல உக்காந்து படி' என்கிறோம். 'சுடரா இருக்கிற இடத்துல' என்று யாரும் சொல்வதில்லை. ஒளி என்பது பொதுச் சொல். கண்ணிலும் இருக்கும், புகழிலும் இருக்கும், நட்சத்திரத்திலும் இருக்கும். ஜோதி வடமொழியின் ஜ்யோதிஸ் வழியாக வந்தது. வானத்து ஒளிகளைப் பார்த்துக் கணிப்பதால்தான் ஜோதிடத்துக்கு அந்தப் பெயர். ஜோதி என்றதும் கை தானாகக் கும்பிடப் போகிறது. வள்ளலார் இறைவனை அருட்பெருஞ்ஜோதி என்று அழைத்ததும், சபரிமலையில் மகரஜோதிக்காக மக்கள் காத்து நிற்பதும் அந்த உணர்வில்தான்.

சுடர் அத்தனை தொலைவில் இல்லை. அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பழைய நூல்களில் சூரியனும் சுடர், சந்திரனும் சுடர், நெருப்பும் சுடர். மூன்றையும் சேர்த்து முச்சுடர் என்பார்கள். சூரியனுக்குச் சுடரோன் என்று ஒரு பெயர். சங்க இலக்கியத்தில், மின்னும் வளையல் அணிந்த பெண் சுடர்த்தொடி. நெருப்போ சூடோ இல்லாத ஒரு வளையலுக்குக்கூட அந்தச் சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் இன்று சுடர் என்றதும் நம் கண்முன் வருவது ஓர் அகலும் ஒரு திரியும்தான்.

சொல்லின் வேரைத் தேடிப் போனால் 'சுடு'வில் போய் நிற்கும். சுடுவதால் சுடர். இந்த வேர்தான் மானாமதுரையில் ஒரு வீட்டில், பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் பெரிய சிக்கலாக வந்து நின்றது.

"அந்தப் பேரு வேணாம்"

காரைக்குடியில் பிறந்த பெண் குழந்தை அது. தாய்வழித் தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முப்பதாம் நாள் சம்பந்தி வீட்டார் மானாமதுரையிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தபோது, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். அதில் ஐந்து பெயர்கள். முதல் பெயர் சுடர். குழந்தையின் அம்மாவுக்கு அது ஒன்றே போதும் என்று இருந்தது. குழந்தையின் அப்பாவுக்கும் பிடித்திருந்தது. கூப்பிடச் சின்னது, எழுதச் சுலபம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும்.

அப்பாவைப் பெற்ற அப்பத்தா தாளைக் கையில் வாங்கவே இல்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிராதீக. சுடுகாட்டுல இருக்கிற 'சுடு' பச்சப்புள்ள பேருல எதுக்கு? அந்தப் பேரு வேணாம்."

மகன் சிரித்துவிட்டான். "அம்மா, சுடர்னா வெளிச்சம்மா."

"வெளிச்சம்னா வெளிச்சம்னு வையி" என்றார் அவர். அதற்கு மேல் பேசவில்லை. மற்ற நான்கு பெயர்களையும் யாரும் படிக்கவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

தமிழாசிரியர் அன்று இரவே தன் புத்தக அலமாரியைத் திறந்தார். பதில் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. 1916இல் மறைமலையடிகள் காலத்தில் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு எத்தனை வீடுகளில் சுடரொளி, சுடர்க்கொடி, சுடர்விழி, இளஞ்சுடர் என்று பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று சொல்லலாம். பெங்களூரில் தினச்சுடர், சென்னையில் மணிச்சுடர், கொழும்பில் சுடர் ஒளி என்று நாளிதழ்களே அந்தப் பெயரைச் சுமந்து வந்திருப்பதைச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாகத் திருக்குறள் இருக்கிறது. தவம் என்ற அதிகாரத்தில், 267ஆவது குறளில், சுடுவதையும் சுடர்வதையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். நெருப்பு சுடச் சுடப் பொன் ஒளி கூடுவது போல, துன்பம் வருத்த வருத்தத் தவம் செய்பவருக்கு ஒளி கூடும் என்பது கருத்து. சுடு என்பது கெட்ட சொல் என்றால் வள்ளுவர் அதைப் பொன்னுக்குப் பக்கத்தில் வைப்பாரா?

அடுத்த முறை சம்பந்தியம்மாவைப் பார்க்கும்போது இந்தக் குறளைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

அதைச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் மகளின் ஒரு போன்.

மூன்றாம் மாதம் குழந்தையை மானாமதுரைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஒரு நாள் காலையில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பத்தா, வெந்நீரில் புறங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே மருமகளிடம் ஒன்று சொன்னார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். பம்ப் ஸ்டவ் வெடித்துச் சேலையில் தீப்பிடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். "மூணு நாளும் அவ பக்கத்துல நான்தான்த்தா இருந்தேன். 'சுடுதுக்கா, சுடுதுக்கா'ன்னு அந்த ஒரு சொல்லுதான் சொன்னா. வேற பேச்சே இல்ல."

நாற்பது வருடங்களுக்கு முந்தைய கதை. மகனுக்குத் தங்கையைப் பற்றித் தெரியும். அந்தச் சொல்லைப் பற்றித் தெரியாது. யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

மகள் போனில் இதைச் சொல்லி முடித்தபோது தமிழாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே அந்தப் பேரைப் பத்திப் பேச வேண்டாம்மா" என்றார். துன்பம் சுடச் சுட ஒளி வரும் என்பது குறள். அதில் பிழையே இல்லை. ஆனால் அதைத் தவம் செய்கிறவர் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். சுடுகிறது என்று தங்கை கதறியதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போய் இன்னொருவர் சொல்லக்கூடாது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உரை சொன்ன மனிதருக்கு அது புரிந்தது.

எல்லா நெருப்பும் சுடர் இல்லை

பெயர் இல்லாமலே குழந்தை ஐந்தாவது மாதத்தைத் தொட்டது. பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. எல்லோரும் 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள்.

கார்த்திகை மாதம். மழை விட்டிருந்த ஒரு மாலையில் அப்பத்தா மாடத்தில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். மானாமதுரை மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். கச்சேரிகளில் கேட்கும் கடம் மட்டுமா, அகல் விளக்கும் அங்கே மண்ணிலிருந்து எழுந்து வருவதுதான். தெரிந்த வேளாரிடம் வாங்கிய புது அகல். முதல் நாளே தண்ணீரில் ஊறப் போட்டுக் காய வைத்து எடுத்தது. இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்துவிடும். காற்று சன்னல் வழியாக உள்ளே வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மருமகளைத் திரும்பிப் பார்க்காமலே அவர் சொன்னார்:

"காத்துக்குச் சொடரு ஆடுது பாரு. அந்தச் சன்னலச் சாத்துத்தா."

மருமகள் சன்னலைச் சாத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அத்தை, இப்ப என்ன சொன்னீங்க?"

"சன்னலச் சாத்துன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

அப்பத்தா கொஞ்சம் யோசித்தார். கையால் சுடரைக் காற்றுப்படாமல் மறைத்தபடியே நின்றார். சுவர் சொவராவது போல, குடம் கொடமாவது போல, சுடர் அவர் வாயில் சொடராகியிருந்தது. தாளில் எழுதியிருந்த பெயரும் தினமும் தான் சொல்லும் சொல்லும் ஒன்று என்பது அவருக்கு அதுவரை தோன்றவில்லை.

அன்று இரவு அவரே சம்பந்திக்குப் போன் போடச் சொன்னார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வீடு பத்தி எரிஞ்சா அதச் சொடருன்னு சொல்லுவீகளா?"

தமிழாசிரியர் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சொல்ல மாட்டோம்மா. தீ கொழுந்துவிட்டு எரிஞ்சுதும்போம். சுவாலைம்போம். தழல்ம்போம். வீடு சுடர்விட்டு எரிஞ்சுதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. விளக்குதான் சுடர்விட்டு எரியும்."

"அதான் கேட்டேன்" என்றார் அவர்.

யோசித்துப் பார்த்தால் இன்றைய தமிழ் வழக்கின் நுட்பமான ஓர் இடம் அது. பரவுகிற நெருப்புக்குத் தமிழில் கொழுந்து உண்டு, நாக்கு உண்டு. அணையப்போகும் நெருப்புக்குத் தணல் உண்டு, கங்கு உண்டு. ஒரு கிண்ணத்துக்குள், ஒரு திரியின் நுனியில், போதுமான எண்ணெயோடு, யாரோ ஒருவர் கண்காணிப்பில் நிற்கும் நெருப்பைத்தான் பெரும்பாலும் சுடர் என்கிறோம். அதற்குள்ளும் சுடுகிற குணம் இருக்கிறது. எவரோ அதை அளவோடு வைத்திருக்கிறார்கள்.

விஞ்ஞானப் பாடத்திலும் இந்தச் சொல்லைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மூன்று பகுதிகள் என்று படித்திருப்போம். திரியை ஒட்டிய உள்பகுதி இருண்டிருக்கும். அங்கே இருப்பது எரியாத மெழுகு ஆவி. நடுப்பகுதிதான் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும். முழுதும் எரியாத நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி மின்னுவதால் வரும் ஒளி அது. வெளி விளிம்பு மங்கலான நீலம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, சூடு அங்கேதான் அதிகம். நகைப் பத்தர் ஊதுகுழலால் ஊதிப் பொன்மேல் திருப்புவது இந்த வெளி விளிம்பைத்தான். ஒரு சுடரில் அதிகம் சுடும் இடமும் அதிகம் ஒளிரும் இடமும் வேறு வேறு.

கடைசியில் பெயர் என்ன ஆயிற்று? அப்பத்தா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "கூட ஏதாச்சும் குளிர்ச்சியா ஒண்ணு சேத்துக்கங்க." தமிழாசிரியர் மறுநாளே சொல்லிவிட்டார்: சுடர்மதி. மதி என்றால் நிலா. முச்சுடரில் அதுவும் ஒன்று. சுடாத சுடர் அது ஒன்றுதான். காலியாக இருந்த கட்டத்தில் அந்தப் பெயர் ஏறியது. அம்மா 'சுடர்' என்று கூப்பிடுகிறாள். அப்பத்தா 'மதி' என்றுதான் கூப்பிடுகிறார். குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறது.

ஒரு சுடருக்கு 96 ஆடுகள்

ஒரு சுடர் நிற்க வேண்டுமானால் யாராவது அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் முன்னோர் இதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கொடை நந்தா விளக்கு. நந்தா என்றால் கெடாத, அவியாத. இரவும் பகலும் எரிய வேண்டிய விளக்கு அது. அப்படி ஒரு விளக்கை வைக்க விரும்பியவர் எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. பெரும்பாலான கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்ததாக இருக்கும். அந்த ஆடுகளை இடையர்கள் பொறுப்பில் விடுவார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் கடமை. அதனால் அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். ஒரு விரல் உயரச் சுடருக்குப் பின்னால் ஒரு மந்தையும், அதை மேய்க்கும் குடும்பமும், அவர்களுடைய பிள்ளைகளும் நின்றார்கள்.

இந்தக் கல்வெட்டுகளில் சில, படிப்பவரை அப்படியே நிறுத்திவிடும். வேட்டைக்குப் போன ஒருவன் விலங்கு என்று நினைத்து அம்பு எய்கிறான். அது ஒரு மனிதன் மேல் பட்டு அவன் இறந்துவிடுகிறான். ஊரார் கூடிப் பேசுகிறார்கள். வேண்டுமென்று செய்த கொலை இல்லை. அதனால் உயிருக்கு உயிர் வாங்காமல், இறந்தவனுக்காகக் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க அவன் ஆடுகள் கொடுக்க வேண்டும் என்று முடிவாகிறது. கைத்தவறுதலாய் ஓர் உயிரை அணைத்தவன், ஒரு சுடரை அணையாமல் காக்க வேண்டும். அம்பு எய்தவனின் இரவுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கோயிலைக் கடக்கும்போதெல்லாம் அந்த விளக்கு எரிகிறதா என்று அவன் எட்டிப் பார்த்திருப்பான் என்று நாம் நினைத்துக்கொள்ளலாம்.

பெரியபுராணத்திலும் விளக்குக்காகவே வாழ்ந்த அடியார்கள் உண்டு. திருவொற்றியூர்க் கலிய நாயனார் செக்கு எண்ணெய் வாணிகம் செய்தவர். செல்வம் எல்லாம் போய், எண்ணெய் வாங்க வழியற்றபோது, தன் குருதியையே அகலில் வார்க்கத் துணிந்தார். கணம்புல்ல நாயனார் புல் அறுத்து விற்று நெய் வாங்கினார். புல் விற்காத நாளில் புல்லையே எரித்தார். அதுவும் போதாமல் தன் தலைமுடியை எரிக்க முற்பட்டார். நம்மால் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் அவர்களுடைய கவலை என்ன என்பது எவருக்கும் புரியும். நேற்று எரிந்தது இன்றும் எரிய வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் ஓர் எலியும் இருக்கிறது. வேதாரண்யம் விளக்கழகு என்பார்களே, அந்தக் கோயிலில் மங்கிக்கொண்டிருந்த விளக்கில் நெய் குடிக்க வந்தது ஓர் எலி. சுடர் மூக்கில் சுட்டது. வெடுக்கென்று தலையை இழுத்தபோது திரி தூண்டப்பட்டு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தப் புண்ணியத்தால் அது மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது தல புராணம். தெரியாமல் தூண்டியதற்கே அத்தனை பலன்! 'தூண்டு' என்ற சொல் திரியை நகர்த்துவதற்கும் பயன்படுகிறது, ஒரு மனிதனை ஊக்கப்படுத்துவதற்கும் பயன்படுகிறது. நல்ல ஆசிரியரைத் தூண்டுகோல் என்கிறோம். மாணவன் சுடர் என்பது சொல்லாமலே அதில் அடங்கிவிடுகிறது.

திருக்கோவலூரில் ஒரு மழை இரவில், ஒருவர் படுக்கவும் இருவர் அமரவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருந்த இடைகழியில், முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த கதை எல்லோரும் அறிந்தது. இருட்டில் அங்கே ஏற்றப்பட்ட விளக்குகள் பாட்டால் ஆனவை. பொய்கையாழ்வார் உலகத்தை அகலாக்கிக் கடலை நெய்யாக்கினார். பூதத்தாழ்வாருக்கு அன்பே அகல், ஆர்வமே நெய், உருகும் மனமே திரி. அப்படி ஏற்றியதை அவர் ஞானச் சுடர் என்கிறார். அறிவுக்குச் சுடரை உவமையாக்கியபோதும் அகலையும் நெய்யையும் திரியையும் அவர் விட்டுவிடவில்லை.

நினைவுக்கும் அதே சொல்

இலங்கைத் தமிழரிடம் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனம் ஏறியிருக்கிறது. அங்கே 'சுடரேற்றுதல்' என்றாலே இறந்தவர்களை நினைத்தல் என்றுதான் முதலில் மனத்தில் படும். 2009ஆம் ஆண்டு போரின் முடிவில் உயிர் நீத்தவர்களுக்காக ஒவ்வோர் ஆண்டும் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் நினைவேந்தல் நடக்கிறது. அதில் முதலில் ஏற்றப்படுவது பொதுச்சுடர். உறவுகளை இழந்த ஒருவர் கையால் அது ஏற்றப்படுவதுண்டு. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டாருக்காக ஒரு சுடர். கல்லறையே இல்லாத ஒருவருக்கு, எங்கே விழுந்தார் என்று தெரியாத ஒருவருக்கு, உறவினர்களால் அந்த மண்ணில் நட்டு வைக்க முடிகிற ஒரே அடையாளம் அதுதான்.

டில்லி இந்தியா கேட்டில் 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் சுடரோடு சேர்த்தார்கள். அப்போது ஊர் முழுக்க ஒரே விவாதம்: அது அணைக்கப்படுகிறதா? இல்லை, அணைக்கப்படவில்லை, இணைக்கப்படுகிறது என்று அரசுத் தரப்பு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் எரிந்த ஒன்றைப் பற்றி 'அணை' என்ற சொல்லைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மானாமதுரை அப்பத்தாவிடம் கேட்டிருந்தால், இதற்கு ஏன் இத்தனை விவாதம் என்று அவரே ஒரு நல்ல சொல் எடுத்துக் கொடுத்திருப்பார்.

இன்று கடைகளில் பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் அகல் கிடைக்கிறது. காற்றில் ஆடுவது போலவே அதன் நுனியில் ஒளி நடுங்கும். அடுக்குமாடி வராந்தாவில், சின்னப் பிள்ளைகள் ஓடும் இடத்தில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் அதை வைப்பது நல்லதே. தீயின் கொடுமையை அறிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்குச் சன்னலைச் சாத்த வேண்டியதில்லை. திரியைத் தூண்ட வேண்டியதில்லை. கரி தட்ட வேண்டியதில்லை. சுவிட்சைத் தட்டினால் அணைந்துவிடும். குளிர வைக்க வேண்டியதும் இல்லை. இந்த வேலைகள் போகும்போது, அவற்றைச் சொன்ன சொற்களும் பின்னாலேயே போய்விடும்.

அதனால் வீட்டில் ஒரே ஒரு விளக்காவது எண்ணெயும் திரியுமாக எரியட்டும். திரி நீளமாக வெளியே நீண்டிருந்தால் புகையும். நுனி சற்று மட்டும் தெரியட்டும். எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கினால் ஊற்றுங்கள். துணி, காகிதம் அருகில் வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கை வைக்கக்கூடாத தூரம் எது என்று காட்டிக் கொடுங்கள். உங்கள் பாட்டி அந்த விளக்கை நிறுத்தும்போது என்ன சொல் சொல்வார் என்று நினைவிருந்தால், அதையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.